பேரில் மட்டும் மங்கும் பழம்

கறையக்கா மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டையைப் பார்ப்பாள். பேருந்தில் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். அவர் காலையில் என்ன சாப்பிட்டார், எந்தக் கையால் எழுதுகிறார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை முன்பின் தெரியாத ஒருவரிடம், "அது குழம்பு இல்லைங்க, துரு. எலுமிச்சையும் உப்பும் தேச்சு வெயில்ல போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். அந்த மனிதர் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டில் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருந்தது. அதைச் சொல்லித் தேடினால் அந்தத் தெருவில் யாரும் வழி காட்ட மாட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் கறையக்காதான்.

பதினாறு வயதில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரத்தம், அயோடின், மருந்து, மை என்று பதினோரு வருஷம் கறைகளோடு மல்லுக்கட்டினாள். பிறகு தன் நாத்தனாரோடு சேர்ந்து சொந்தமாகச் சலவைக்கடை வைத்தாள். இரண்டே அறை. முன்னறையில் ஒரு கல்லா மேசை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், நாத்தனாரின் இஸ்திரி மேசை. பின்னறையில் இரண்டு இயந்திரங்கள், ஒரு தொட்டி, கறையக்காவின் சின்ன மேசை. அதற்கும் பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு முற்றம். வாசலில் 'எந்தக் கறையும் எடுக்கப்படும்' என்று பலகை. பலகை எழுத வந்தவரிடம் 'எந்த' என்பதை மட்டும் பெரிதாக எழுதச் சொன்னவள் கறையக்காதான். பாதிப் பலகையை அந்த ஒரு சொல்லே பிடித்துக்கொண்டது.

அவளுடைய ஆயுதம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். தேய்ந்து தேய்ந்து பூனைக்குட்டியின் முடி போல மெத்தென்று ஆகிவிட்டது. அதைப் பிடித்து அவள் வேலை செய்வதைப் பார்த்தால், கறையின் நடுவில் கை வைக்கவே மாட்டாள். வெளி ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவாள். நடுவில் தேய்த்தால் கறை பரவும், துணியில் வளையம் விழும். "வெளியில இருந்து உள்ள. திருடனை வளைக்கிற மாதிரி" என்பாள்.

இப்படிப்பட்ட கறையக்காவுக்குத்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

அன்று மதியம் லிஃப்ட் பழுது பார்ப்பவர் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். பகலில் லிஃப்ட் வேலை, மற்ற நேரம் நகர பேண்டில் வாத்தியம். நாலு மாதத்துக்கு முன் தன் பேண்டு கோட்டை லிஃப்ட் கிரீஸில் தோய்த்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பேண்டில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கனத்த பருத்திக் கோட்டு. செங்கல் நிறத்தில் பால் விடாத டீயை ஊற்றிக் கலக்கினால் என்ன நிறம் வருமோ அந்தப் பழுப்பு. கறையக்கா இரண்டு நாள் போராடி கிரீஸை இருந்த இடம் தெரியாமல் ஆக்கினாள். தன் வேலையைப் பார்த்துத் தானே மயங்கிப்போனாள். "அண்ணே, அடுத்த ஊர்வலம் வர்ற வரைக்கும் இது இங்கயே ஜன்னல்ல தொங்கட்டும். நாலு பேர் பாக்கட்டும்" என்று கேட்டு வாங்கி மாட்டினாள். பக்கத்தில் 'இது கிரீஸில் விழுந்த கோட்டு' என்று ஒரு அட்டையும் வைத்தாள்.

"கோட்டை எடுத்துக் குடுங்க கறையக்கா" என்றார் லிஃப்ட்காரர். முகமெல்லாம் பல். "சனிக்கிழமை புதுப் பாலம் திறக்கறாங்க, ஊர்வலம் இருக்கு. இந்தத் தடவை பெரிய டிரம்மு எனக்கு. முன்வரிசை!"

"அடடே!"

"ஒன்பது வருஷம் கடைசி வரிசையில ஜால்ரா தட்டினேன். ஒன்பது வருஷமும் எனக்கு முன்னாடி நின்னவன் பிடரியைத்தான் பாத்தேன். அவன் தலையில எத்தனை முடி கொட்டியிருக்குன்னு என்னைக் கேளுங்க, சொல்றேன்."

நாத்தனார் சிரித்துக்கொண்டே கோட்டை ஜன்னலிலிருந்து எடுத்துத் திருப்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தெருவைப் பார்த்துத் தொங்கிய இடது பக்கம் முழுக்க வெளுத்துப்போயிருந்தது. தோள், கை, மார்பு எல்லாம் காய்ந்த வாழைச்சருகு நிறம். வலது பக்கம் அப்படியே புதுசு. இரண்டு கோட்டுகளை நடுவில் வெட்டி ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. நாலு மாத வெயில் தன் வேலையைக் காட்டியிருந்தது. தினமும் அதே ஜன்னலைத் துடைத்த கறையக்கா, உள்பக்கத்திலிருந்து கோட்டின் வலது பக்கத்தைத்தான் பார்த்திருந்தாள்.

லிஃப்ட்காரர் வெளுத்த தோளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பேண்டு மாஸ்டர் ஒரு மாதிரி ஆளு" என்றார். "முன்வரிசையில நிறம் ஒரு நூல் மாறினாலும் ஒத்துக்க மாட்டாரு. பின்னாடி போன்னுடுவாரு. இந்தத் துணியும் இப்ப எந்த மில்லுலயும் வர்றதில்ல."

தவறு யாருடையது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கறையக்காவைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சனிக்கிழமை காலையில வாங்க அண்ணே" என்றாள். "ரெண்டு பக்கமும் ஒரே நிறமா உங்க கையில தர்றேன்."

அவர் போனதும் நாத்தனார் அவள் கையைக் கிள்ளினாள். "அண்ணி! நம்ம பலகையில என்ன எழுதியிருக்கு? கறையை எடுக்கறதுன்னுதானே? போன நிறத்தை எங்க இருந்து கொண்டு வருவீங்க?"

"வரும்."

"எப்படி வரும்? தபால்ல வருமா?"

கறையக்கா கடைத்தெருவுக்கு ஓடி மூன்று சாயப் பொட்டலம் வாங்கி வந்தாள். கோட்டின் வெளுத்த பக்கத்து விளிம்பு மடிப்பிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்துத் தோய்த்துப் பார்த்தாள். ஒன்று மிளகாய்ப்பொடி மாதிரி சிவந்தது. ஒன்று சேறு. மூன்றாவது கிட்டத்தட்ட சரியான நிறம், ஆனால் தண்ணீரில் அலசியதும் பாதி நிறம் தண்ணீரோடு போய்விட்டது. நாத்தனார் அந்தத் தண்ணீரைப் பார்த்து, "டீ குடிக்கிறீங்களா அண்ணி?" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் லாரி ஹாரன் அடித்தது. கறையக்காவின் கொழுந்தன், அதாவது நாத்தனாருக்குத் தம்பி, ஊர் ஊராகச் சரக்கு ஓட்டுகிறவன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு புது சாமானும் அதைப் பற்றிப் பத்துக் கதையும் கொண்டு வருவான். சாமான் நிஜமாக இருக்கும். கதைக்கு உத்தரவாதம் கிடையாது.

இந்தத் தடவை ஒரு கூடை நிறையப் பழம். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் சின்னது, கத்தரிக்காயின் கருநீலம், தலையில் பச்சையாக நாலு இதழ்த் தொப்பி.

"என்னடா இது? கத்தரிக்காயும் தக்காளியும் கல்யாணம் பண்ணிக்கிச்சா?" என்று நாத்தனார் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தாள். அடுத்த கணம் முகம் எட்டுக் கோணலாகப் போனது. "தூ! தூ! வேப்பங்காய்!"

"தோலோட கடிக்கிறியே அக்கா! இப்படிப் பாரு." அவன் பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினான். தோல் 'டப்' என்று பிளந்தது. கால் அங்குலத் தடிமனான செக்கச்செவேல் தோலுக்கு நடுவே, பூண்டு உரித்து வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று சுளைகள்.

கறையக்கா ஒரு சுளையை வாயில் போட்டாள். அது வாயில் கரைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. முதலில் இனிப்பு, உடனே பின்னாலேயே ஒரு துளி புளிப்பு, அப்புறம் பூ மாதிரி ஒரு வாசனை, அதற்குள் சுளையைக் காணோம். மதியத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கோட்டை அவள் ஒரு நிமிஷம் மறந்தே போனாள்.

"இன்னொண்ணு குடுடா!"

"குடுக்கறேன் அண்ணி, முதல்ல ஒரு பந்தயம். பழத்தைக் கவுத்துப் பாருங்க. அடியில சின்னதா ஒரு பூ இருக்கு இல்ல? அதுல எத்தனை இதழோ, உள்ள அத்தனை சுளை."

"பழம் என்ன கணக்கு வாத்தியாரா?" என்றாள் நாத்தனார். "உன் புளுகுக்கு ஒரு அளவே இல்லையா?"

"உடைச்சுப் பாரு!"

ஆறு இதழ். உடைத்தால் ஆறு சுளை. நாத்தனார் நம்பவில்லை. இன்னொன்றை எடுத்தாள். ஐந்து இதழ், ஐந்து சுளை. ஏழு, ஏழு. அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. "இதுல மாறும் பாரு" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக இஸ்திரி மேசையிலேயே வைத்து உடைத்தாள். மூன்று பேரும் குனிந்து எண்ணிக் கூச்சல் போட்டார்கள். ஆயுளில் முதல் தடவையாகக் கொழுந்தன் சொன்ன ஒரு விஷயம் நிஜமாக இருந்தது. பதினான்கு பழம் காலியான பிறகுதான் மேசை விரிப்பு கண்ணில் பட்டது. துணிகளில் சாயம் ஒட்டக்கூடாது என்று நாத்தனார் வாரம் இருமுறை வெளுக்கும் வெள்ளை விரிப்பு. அதில் குளம் குளமாகத் தோலின் சாறு.

"ஐயோ, என் விரிப்பு!"

கறையக்காவின் கை தானாகவே பிரஷைத் தேடியது. அவள் வாழ்க்கையில் ஒரு விதி உண்டு. கறையைக் காய விடக்கூடாது. யார் செத்தாலும் பிழைத்தாலும் முதலில் தண்ணீர்.

"விடுங்க அண்ணி" என்றான் கொழுந்தன், வாய் நிறையச் சுளையோடு. "இது மங்குஸ்தான். பேர்லயே இருக்கே, மங்கு! ராத்திரி அப்படியே விட்டா காலையில தானா மங்கிடும். பழம் விக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்."

"மங்குஸ்தான்..." கறையக்கா சொல்லிப் பார்த்தாள். இதழும் சுளையும் சரியாக இருந்த பழத்துக்குப் பேரும் சரியாகத்தானே இருக்கும் என்று தோன்றியது. வாயில் வேறு இனிப்பு. கறை விஷயத்தில் பெற்ற தாய் சொன்னாலும் நம்பாதவள், அன்றைக்கு நம்பினாள். பிரஷைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு பழத்தை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை நாத்தனார் கடை திறந்தபோது கறை மங்கவில்லை. சிவப்பாக இருந்தது பழுப்பாக மாறியிருந்தது. சுருக்கம் போக அதன் மேல் சூடாக ஒரு இழுப்பு இழுத்தாள். கறை இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.

"உங்க கொழுந்தன் அழகைப் பாருங்க!"

"உன் தம்பிதானே?"

"தப்பு பண்ணினா உங்க கொழுந்தன்."

கறையக்கா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். குளிர்ந்த தண்ணீர், சோப்பு, வினிகர், சமையல் சோடா, கிளிசரின், ஸ்பிரிட் என்று அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். இயந்திரத்தில் மூன்று தடவை சுழன்றது. கடைசியில் ப்ளீச்சில் ஊறப்போட்டதில் ஓரம் ஒரு இழை வெளிறியது, அவ்வளவுதான். பதினோரு வருஷ மருத்துவமனைக் கறைகளில் ஒன்றுகூட இப்படித் திமிராக நின்றதில்லை. தோற்றுப்போன கோபத்தோடு விரிப்பைப் பிழிந்து முற்றத்துக் கொடியில் போட்டாள்.

கொடியில் லிஃப்ட்காரரின் கோட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் விரிப்பு ஆடி, கோட்டின் நல்ல பக்கத்தின் மேல் போய் ஒட்டியது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போனாள். கறையையும் கோட்டையும் சேர்த்துப் பிடித்தாள். கறை எங்கே முடிகிறது, கோட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"ஏய்! ஓடி வா! ஓடி வா!"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியோடு ஓடி வந்தாள். "என்ன அண்ணி? பாம்பா?"

"நிறம்! நிறத்தைப் பாரு! செங்கல், டீ, ரெண்டும்! தண்ணில போகல. சோப்புல போகல. வினிகர், சோடா, ஸ்பிரிட்டு எதுலயும் போகல. காலையில இருந்து நான் அதைத்தானே பரிசோதனை பண்ணிக்கிட்டு இருக்கேன், முட்டாள் மாதிரி அழுதுகிட்டே!" கறையக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தோலு எங்க? நேத்து உடைச்ச தோலெல்லாம் எங்க?"

"குப்பையில."

இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்தார்கள். குப்பை வண்டி இரண்டு கடை தள்ளி நின்றுகொண்டிருந்தது. தங்கள் வாளி இன்னும் திண்டோரம் இருந்ததைப் பார்த்ததும் கறையக்கா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். குப்பை எடுப்பவர், "தங்கமா இருக்கு அதுல?" என்றார். "அதுக்கும் மேல!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

பதினைந்து பழத்தின் தோல் போதாது. கூடையில் முப்பது பழம் மிச்சம் இருந்தது. இருவரும் முடிந்த மட்டும் தின்றார்கள். நாத்தனாருக்கு வயிறு முட்டியதும் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களை நிற்க வைத்தார்கள். "பழம் இனாம். இங்கயே தின்னுட்டுத் தோலைக் குடுத்துட்டுப் போகணும்!" தெருவே திரண்டுவிட்டது. இதழை எண்ணிச் சுளையை எண்ணி ஒரே ஆரவாரம். பக்கத்துக் கடை முடிதிருத்துபவர், பாதி முடி வெட்டிய ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்; ஆளுக்கு இரண்டு தின்றார்கள்.

கறையக்கா தோலில் முக்கால்வாசியைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பழைய இரும்பு வாளியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துச் சாற்றை வடிகட்டி, கோட்டிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை உள்ளே முக்கித் தூக்கினாள்.

கறுப்பு. காக்காய்க் கறுப்பு.

நாத்தனார் அடுப்பை அணைத்தாள். கறையக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை காலைக்கு இன்னும் ஒன்றரை நாள். தோலில் முக்கால்வாசி போயாயிற்று. லிஃப்ட்காரர் மறுபடி கடைசி வரிசையில் நின்று எவனுடைய பிடரியையோ பார்ப்பது கண் முன் வந்தது.

அந்தக் கறுப்பை அவளுக்கு எங்கேயோ தெரியும். துண்டை மூக்குக்கு அருகில் கொண்டு போனாள். வெளிச்சத்தில் திருப்பினாள். கறுப்புக்குள் ஒரு நீலம். மை! மருத்துவமனையில் பழைய எழுத்தர் ஒருவர் பாட்டில் மை உபயோகிப்பார், அவர் சட்டைப்பையில் இதே கறுப்பு. அது ஏன் போகமாட்டேன் என்கிறது என்று அப்போது கேட்டதற்கு, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்த மை என்று மருந்தாளுநர் சொல்லியிருந்தார்.

"பழம் இல்லடி, வாளி!" என்று துள்ளி எழுந்தாள். "துவர்ப்புத் தோலை இரும்புல கொதிக்க வச்சா மைதான் வரும். இரும்பு படக்கூடாது. எனாமல் பாத்திரம் எடு!"

"அது நாம சோறு வடிக்கிற பாத்திரம்."

"இன்னிக்கு ரொட்டி தின்னுக்கலாம்!"

நிறம் நூலைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சவரம் செய்த கன்னத்தில் தேய்க்கிற அதே கல்தான். முடிதிருத்துபவர் ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்து, "நாலு பழத்துக்கு இது சரியாப் போச்சு" என்றார். மிச்சத் தோல் எனாமல் பாத்திரத்தில் கொதித்தது. புதுத் துண்டைப் படிகாரத் தண்ணீரில் நனைத்து, சாற்றில் முக்கி, காயவைத்துக் கோட்டின் நல்ல பக்கத்தின் மேல் வைத்தாள். நாத்தனார் துண்டைத் தேடினாள். "எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

ஆனால் முழுக் கோட்டையும் முக்க முடியாது. அப்படிச் செய்தால் நல்ல பக்கம் இன்னும் கறுத்து, வித்தியாசம் அப்படியே இருக்கும். வெளுத்த பக்கத்தில் மட்டும் நிறம் ஏற வேண்டும், நடுவில் கோடு தெரியக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை கறையக்கா தன் தேய்ந்த பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பித்தளைப் பொத்தான்களை ஏற்கெனவே அறுத்து வைத்தாயிற்று. சாற்றில் தோய்த்து, பழக்கத்தில் கோட்டின் வெளுத்த ஓரத்தில் பிரஷை வைத்தாள். உடனே வளையம் விழுந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

இருபது வருஷமாக வெளியிலிருந்து உள்ளே போன கை. இன்றைக்கு அது நடுவில் ஆரம்பித்து, ஓரத்துக்கு வர வரச் சாற்றைக் குறைத்து, வெறும் ஈர பிரஷால் கரைத்து விட வேண்டும். திருடனை வளைக்கிற வேலை இல்லை இது. விருந்தாளியை உள்ளே உட்கார வைத்துவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்து வருகிற வேலை. விழுந்த வளையத்தைக் காய்வதற்குள் முதலில் எடுத்தாள். அது அவளுக்குத் தெரிந்த வேலைதான். பிறகு மார்பின் நடுவில் பிரஷை வைத்தாள். கை நாலு தடவை தப்பாகப் போகப் பார்த்தது. நாத்தனார் பின்னால் நின்று, "உள்ள இருந்து வெளிய, உள்ள இருந்து வெளிய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிறவர் மாதிரி.

ஒரு தடவை பூசி, நிழலில் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்து, மூன்றாவது பூச்சில் நிறம் ஏறி நின்றது. கழுத்தருகே மட்டும் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. காலரில் இருந்த இரும்புக் கொக்கியை மறந்திருந்தார்கள். கறையக்கா எலுமிச்சையைப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

சனிக்கிழமை காலை லிஃப்ட்காரர் வந்தார். கேட்கத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றார். கறையக்கா கோட்டை விரித்துப் பிடித்தாள். அவர் இடது பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கத்தைப் பார்த்தார். மறுபடி இடது பக்கம். பிறகு, "எந்தப் பக்கம் வெளுத்திருந்தது?" என்றார்.

நாத்தனார் இஸ்திரி மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "இந்த ஒரு கேள்விக்குத்தாண்ணே நாங்க மூணு நாளா ரொட்டி திங்கறோம்!"

ஊர்வலத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் போனார்கள். பாலத்தடியில் நல்ல கூட்டம். பேண்டு தெருமுனையில் திரும்பி வந்தது. முன்னால் பேண்டு மாஸ்டர், கையில் கோல், பளிச்சென்ற வெள்ளைக் கையுறை. பேண்டிலேயே அவருடைய கோட்டுதான் எப்போதும் புதுசு போல் இருக்கும். அடுத்து முன்வரிசை. நடுவில் பெரிய டிரம்மோடு லிஃப்ட்காரர். ஜனங்கள் டிரம்மைப் பார்த்தார்கள். கறையக்காவும் நாத்தனாரும் தோளைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், நடுக்கோடு இருந்த இடத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரே நிறம்.

அப்போது தூறல் விழுந்தது.

"அண்ணி..." நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"பேசாத."

தூறல் வலுத்தது. பேண்டு நிற்கவில்லை. எல்லாக் கோட்டுகளும் நனைந்து ஒரு படி கறுத்தன. கறையக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு பேண்டுக்கு இணையாக ஓடினாள். லிஃப்ட்காரரின் இடது கை டிரம்மில் விழும்போதெல்லாம் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டிரம்மின் தோல் வெள்ளை. சொட்டு விழுந்த இடத்தில் ஒரு கண் வைத்தாள். வெறும் தண்ணீர். மறுபடி ஒரு சொட்டு. வெறும் தண்ணீர்தான்!

"நிக்குது! நிக்குதுடி!" என்று அவள் கத்தியது பேண்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. லிஃப்ட்காரருக்கு மட்டும் எப்படியோ கேட்டிருக்க வேண்டும். அடுத்த அடி அவர் அடித்ததில் பாலம் அதிர்ந்தது.

"அண்ணி, அங்க பாருங்க" என்று நாத்தனார் மூச்சிரைக்கக் காதில் சொன்னாள். "கையுறையைப் பாருங்க."

பேண்டு மாஸ்டர் கோலை உயர்த்தியிருந்தார். அவருடைய கோட்டின் கைநுனியிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்து, வெள்ளைக் கையுறையில் இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் புதுசாக இருக்கும் கோட்டின் ரகசியம், கடைத்தெருவின் மூன்றாவது சாயப் பொட்டலம்! அந்த நிறத்தைப் பார்த்தவுடனே கறையக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாத்தனாருக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

திங்கட்கிழமை காலை, கடை திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பேண்டு மாஸ்டர் உள்ளே வந்து, தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கையுறையையும் கோட்டையும் மேசையில் வைத்தார்.

"ஒரு கறை" என்றார்.

கறையக்கா இரண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டவில்லை. "கையுறையில எடுக்கணும். கோட்டுல போடணும். சரிதானுங்களே?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தலையாட்டினார்.

"வெள்ளிக்கிழமை வாங்க. ஒண்ணே ஒண்ணு, கோட்டை ஜன்னல்ல மட்டும் தொங்க விடாதீங்க. வெயிலுக்கு இது எப்படின்னு எனக்கே இன்னும் தெரியாது."

அவர் படி இறங்குவதற்குள் நாத்தனார் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். "டேய், அந்தப் பழம் இன்னும் ரெண்டு கூடை வேணும்... ஆமாண்டா, மங்குஸ்தான்தான்... மங்குச்சாவா? நேர்ல வா, சொல்றேன். அண்ணி பிரஷோட உக்காந்திருக்காங்க."